முகம் பார்த்துக் கொடுக்கும் கடை

படம் எடுக்கப் போகிற வாரத்தில் புத்திமான் பெண்டாட்டி டோல்மாவின் முகத்தில் கை வைக்க மாட்டான். அந்த அளவுக்கு விவரமானவன். கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, துணி மறைக்கிற இடம் எல்லாம் அவனுக்குச் சொந்தம். புதன்கிழமை வேலை முடிந்து வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. முனையில் இரும்பு வைத்த ஃபாக்டரி பூட்ஸ். கனமாக ஏதாவது விழுந்தால் தொழிலாளியின் கால்விரல் நசுங்கக் கூடாது என்று கம்பெனி கொடுத்தது. அதோடு அவளை இடது விலாவில் உதைத்தான். அவன் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை சியோலுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட் கொடுத்தான். தோளில் கை போட்டுக்கொண்டான். பஸ் குலுங்கும்போதெல்லாம் விலாவுக்குள் எதையோ கடித்து இழுப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பின்சீட்டில் இரண்டு கொரியக் கிழவிகள். அந்நிய ஊரில் வந்து எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறதுகள் பார் என்று ஒருத்தி சொன்னாள். அது டோல்மாவுக்குக் கேட்டது, புரிந்தது. புத்திமானுக்குக் கேட்டது, புரியவில்லை. அவர்கள் குடும்பத்தின் பிரச்சினையே இதுதான் என்று புத்திமான் நினைத்தான். பெண்டாட்டிக்குப் புரிகிறது, தனக்குப் புரியவில்லை.

இரண்டு பேரும் காட்மாண்டுவில் ஒரே கொரியன் வகுப்பில் படித்தவர்கள். டோல்மா நுவாகோட் மலையிலிருந்து வந்து பி.எட். முடித்தவள். அவள் வீட்டில் அதற்கு முன்னால் கல்லூரிப் படி ஏறினவர்கள் யாரும் இல்லை. கொரிய வேலைக்கான பரீட்சையை முதல் தடவையே பாஸ் செய்துவிட்டாள். அவன் இரண்டு தடவை கோட்டைவிட்டான். அவள் இங்கே வந்து யம்சங் என்கிற ஃபாக்டரி ஊரில் கிம்ச்சி ஊறுகாய்க் கம்பெனியில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டே, இடைவேளையில் ஃபோனில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை பாஸானான். அதே ஊரில் கார்க் கதவுக்குப் பிளாஸ்டிக் வார்க்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. வந்த மாதமே அவளை அடிக்க ஆரம்பித்தான். கம்பெனியில் சூப்பர்வைசர் நாயே பேயே என்று திட்டுகிறான், பாவம், அந்தக் கோபம் என்று பக்கத்து அறைக்காரர்கள் சொல்வார்கள். டோல்மாவையும்தான் அவள் கம்பெனி சூப்பர்வைசர் திட்டுகிறான். அவள் போய் யார் விலாவை உதைத்தாள்?

அடிப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தான். அவளுடைய கார்டை வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டான். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த அரசாங்கம் கொடுக்கிற கார்டு. அது கையில் இல்லாவிட்டால் பேங்கில் தன் சம்பளத்தையே தொட முடியாது. வேலை மாற்ற முடியாது. ஆஸ்பத்திரியில் பெயர் பதிய முடியாது. போலீஸ் நிறுத்திக் கேட்டால், கம்பெனியை விட்டு ஓடிவந்தவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வசந்தகாலத்தில் ஒரு தடவை டோல்மா கிளம்பிப் போனாள், பக்கத்து ஊரில் ஒரு சினேகிதி அறைக்கு. கார்டு இல்லாமல் அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தவளுக்கு அவனே சாதம் வடித்துப் போட்டான். அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைக்கிறவரை காத்திருந்து, பிறகு அடித்தான்.

இப்போது சியோல் எதற்கு என்றால், டோல்மாவின் அண்ணன் பேமா ஊரிலிருந்து ஃபோன் பண்ணியதற்காக. கிம்ச்சிக் கம்பெனியில் கூட வேலை செய்கிற யாரோ ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அவன் உன்னை அடிக்கிறானாமே, நெசமா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டு ஃபோனைப் பிடித்திருந்தவன் புத்திமான். பொறாமை பிடித்தவர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்று டோல்மா சொன்னாள். ஃபோனை வைத்த பிறகுதான் பூட்ஸ்.

ஃபோனை வைப்பதற்கு முன்பே அவன் வழியும் கண்டுபிடித்திருந்தான். கொரியாவுக்கு வந்த நேபாளி ஜோடி என்றால் அரண்மனையில் ராஜா ராணி உடுப்புப் போட்டு ஒரு படம் எடுத்தாக வேண்டும். ஃபேஸ்புக்கைத் திறந்தால் எல்லா வீட்டு மருமகளும் அந்தக் குடைப்பாவாடையில்தான் நிற்பாள். இவர்கள் மட்டும்தான் இன்னும் எடுக்கவில்லை. அதனால்தான் ஊர் வாய் திறக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. படத்தைப் போட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். திரும்பும்போது தோங்தேமுன் பக்கம் இருக்கிற நேபாளத் தெருவில் மோமோ வாங்கித் தருவதாகவும் சொன்னான். ரொம்ப அன்பாகத்தான் சொன்னான்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் மீன் வடிவ ரொட்டி வாங்கிக் கொடுத்தான். சூடு ஆறட்டும் என்று ஊதிக்கூடக் கொடுத்தான். இந்த மாதிரி நேரங்களில்தான் டோல்மாவுக்கு அவன் மேல் அதிகம் பயம். அடிக்கும்போதாவது அவன் கை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அரண்மனைக்கு எதிர்ச்சாரியில் உடுப்பு வாடகைக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் கூட்டம் குறைவு என்று நுழைந்தார்கள். கடைக்காரி ஐம்பது வயதுப் பெண். இடுப்பில் தொங்கும் ஊசிப்பை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. வருகிறவர்கள் எல்லோரும் அவளை, இந்த ஊர் வழக்கப்படி, சித்தி என்றே கூப்பிட்டார்கள். யாருக்கும் அவள் சிரித்து வழியவில்லை. உடுப்பைத் தேர்ந்தெடு, கார்டைக் கொடு, அறைக்குப் போ, இதுதான் பேச்சு. உடுப்போடு ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

புத்திமான் பர்ஸைத் திறந்து இரண்டு கார்டையும் எடுத்தான். டோல்மா பல மாதம் கழித்துத் தன் படத்தைப் பார்த்தாள். விமானத்திலிருந்து இறங்கிய வாரம் எடுத்தது. கன்னம் சதைப்பிடிப்பாக, கண்ணில் ஒரு திமிரோடு, யாரோ ஒரு பெண்.

சித்தி இரண்டையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, லாக்கர் சாவி கோத்த இரண்டு நம்பர் வில்லைகளை நீட்டினாள். இரண்டையும் புத்திமானே வாங்கிக்கொண்டான். திரும்பி வரும்போது தானே வந்து இரண்டு கார்டையும் வாங்கிக்கொள்வதாக, தெரிந்த நாலு கொரிய வார்த்தையில் சொன்னான். சித்தி தலையை ஆட்டாமல், ஒரே மூச்சில் கடகடவென்று பதில் சொன்னாள். வில்லை லாக்கருக்கு மட்டும்தான். கார்டு வேணும்னா அதில் இருக்கிற மூஞ்சி நேரில் வரணும். மூஞ்சியைப் பார்த்துத்தான் கொடுப்பேன், புருஷன் வந்தாலும் கொடுக்க மாட்டேன், முன்னாடி ஒரு தடவை கொடுத்துப் பெரிய வம்பாகிவிட்டது. புரிந்ததா?

"நே, நே" என்றான் புத்திமான். ஆமாம், ஆமாம்.

ஃபாக்டரியில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். முதலாளி எதைச் சொன்னாலும் நே, நே. மெஷினை நிறுத்து என்றாலும் நே, நே, கையை உள்ளே விடாதே என்றாலும் நே, நே. இந்த இரண்டு எழுத்தால் விரல் போனவர்கள் யம்சங்கில் நிறையப் பேர். மற்ற நாளாக இருந்தால் டோல்மா மொழிபெயர்த்திருப்பாள். ஆனால் போன மாதம் ஃபோன் கடையில், அவன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள் என்று, வீட்டுக்கு வந்ததும் அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். "நான் கேட்டேனா மேடம்? நாலு பேர் முன்னாடி எனக்கு நீ டியூஷன் எடுக்கறியா?" அந்த விரல் இன்னும் நேராகவில்லை. அன்றிலிருந்து வீட்டுச் சட்டம், அவன் திரும்பிப் பார்த்தால்தான் அவள் கொரியன் பேச வேண்டும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டோல்மா வாயைத் திறக்கவில்லை.

உடுப்பு அறையில் சித்திதான் கட்டிவிட்டாள். அந்தப் பாவாடைக்கு இடுப்பு கிடையாது. மார்புக்கு மேல் பட்டையைச் சுற்றி, விலாவை இறுக்கி, நாடாவைப் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும். இழுத்தபோது டோல்மாவின் தொண்டையிலிருந்து அவளை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. சித்தி கையை எடுத்துவிட்டு, உள்சட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பூட்ஸ் முனை அப்படியே அச்சாக இருந்தது, கத்தரிக்காய் நிறத்தில்.

விழுந்துட்டேன் சித்தி, என்றாள் டோல்மா.

"இந்த ரூமுக்கு வர்ற பொண்ணுங்க நெறையப் பேரு விழுந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டு சித்தி நாடாவைத் தளர்த்திக் கட்டினாள். வளையம் வைத்த உள்பாவாடையை மாட்டி, தலையைப் பின்னி, பட்டு ரிப்பன் முடிந்தாள். கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. டோல்மா தன்னைப் பார்க்கவில்லை. திரை இடுக்கு வழியாகக் கல்லாமேல் இருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். அவன் இல்லாமல் இந்தக் கடைக்கு ஒருமுறை வந்துவிட்டால் போதும். வில்லை வேண்டாம், சாவி வேண்டாம், மூஞ்சி போதும்.

அந்த உடுப்பில் போனால் அரண்மனைக்கு டிக்கெட் இல்லை. உள்ளே ஆயிரம் ராணிகள், ஆயிரம் ராஜாக்கள். சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் ஒரு படம், குளத்து மண்டபத்துக்கு முன்னால் ஒரு படம். விரலை மடித்து இதயம் காட்டு, தோளில் சாய், இன்னும் கொஞ்சம் சிரி. குச்சியில் மாட்டின ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புத்திமான் கட்டளை போட்டபடி வந்தான். நீலநிற நீள அங்கியும், தாடையின் கீழே மணிச்சரத்தால் இறுக்கிக் கட்டிய கறுப்புத் தொப்பியுமாக அவன் நிஜமாகவே கம்பீரமாக இருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். வாசல்வரை வந்து நின்றுகொண்டான். கால் வலிக்கிறது, நீங்கள் மட்டும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். உட்கார்ந்து பிடித்துவிட்டான் காலை, எல்லோரும் பார்க்கும்படி. பக்கத்தில் நின்ற பெண்கள் ஆகா என்றார்கள். பிறகு அங்கிருந்தே அண்ணன் பேமாவுக்கு வீடியோ கால் போட்டான். பின்னால் கூரையும் மலையும் தெரிகிற மாதிரி அவளை நிறுத்தினான். அண்ணன் திரையில் முகம் முழுக்கச் சிரித்தார். "மகாராணி மாதிரி இருக்கியேடி. நான்தான் கண்ட நாயிங்க பேச்சக் கேட்டுட்டேன். மாப்ளகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

"அதெல்லாம் வேண்டாம் மச்சான்" என்றான் புத்திமான், பெருந்தன்மையாக. அவன் கை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டைவிரல் அந்தக் கத்தரிக்காய் நிறத்தின் மேல் சரியாக அழுந்தியிருந்தது.

டோல்மா சிரித்தாள்.

அதோடு முடிந்திருந்தால் மோமோ சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். குளக்கரையில் மலையேற்ற உடுப்போடு நாலைந்து கொரியத் தாத்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோஜுச் சாராய வாசனை. அதில் ஒருவர் புத்திமானைப் பார்த்து, உடுப்பு பொருத்தமாக இருக்கிறது தம்பி, எந்த ஊர் என்று கேட்டார். நேபாள் என்றான். தாத்தாவுக்குக் குஷி வந்துவிட்டது. உடுப்பு ராஜா உடுப்புதான், ஆனால் வீட்டில் பெண்டாட்டிதானே ராஜா, நீ அடி வாங்குகிற கட்சிதானே என்று கேட்டார்.

"நே, நே" என்றான் புத்திமான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தாத்தாக்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். உண்மையை ஒத்துக்கொண்ட ஆம்பிளை என்று ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். புத்திமான் அதற்கும் நே, நே என்று குனிந்து வணங்கினான். டோல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். விலா வலித்தது. வலிக்க வலிக்க இன்னும் வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவள் உடம்புக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், நிறுத்தத் தெரியவில்லை.

அவன் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. கைதான் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தாத்தாக்களுக்கு விடை சொல்லிவிட்டு, கைகோத்த ஜோடியாக, வடமேற்கு மூலைக்கு நடத்திக்கொண்டு போனான். அங்கே ராஜா காலத்தில் சவச் சடங்கு செய்த பழைய கட்டடங்கள், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கூட்டம் வராது. ஒரு முற்றத்துக்குள் நுழைந்து சுவரோடு அவளை நிறுத்தினான்.

அந்தக் கிழவன் என்ன சொன்னான் என்று கேட்டான். அவள் சொன்னாள். முழுசாக, ஒரு வார்த்தை விடாமல், வகுப்பில் மொழிபெயர்ப்பதுபோல் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் அறை முகத்தில் விழுந்தது. படம் எடுத்தாயிற்று. இனிமேல் அந்த முகம் அவனுக்குத் தேவையில்லை.

இரண்டாவது அடி முஷ்டியால். உதடு பல்லில் கிழிந்து வாய் உப்புக் கரித்தது. பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். செங்கல் பூ வேலைப்பாடு செய்த சுவர், அழகான சுவர், ஒரு பூ அவள் புருவத்தைப் பிளந்தது. "சிரி இப்போ. சிரிடி மேடம்." உதைத்தான். அந்த உதை அவள் மேல் படவில்லை. வளையம் வைத்த உள்பாவாடை குடைமாதிரி வாங்கிக்கொண்டு உதறியது. மறுபடி உதைத்தான், மறுபடியும் துணிதான். அவனுக்கு வெறி ஏறியது. காலை ஓங்கும்போது இன்னொரு கால் தன் அங்கியின் நுனியையே மிதித்துக்கொண்டது. நிலைதடுமாறி, அவள் மேலேயே சாய்ந்தான். அவன் தாடைக்குக் கீழே மணிச்சரம் அவள் மூக்குக்கு எதிரில் ஆடியது.

டோல்மா அதைப் பிடித்தாள்.

இரண்டு கையாலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினாள். கிம்ச்சித் தொட்டியிலிருந்து நாள் முழுக்க உப்பு முட்டைக்கோஸைப் பிழிந்து பிழிந்து போடுகிற கை. மணிகள் அவன் குரல்வளையில் பதிந்தன. பின்னலை விட்டுவிட்டுத் தன் கழுத்தைப் பிடித்தான். தொண்டையில் கொர்ரென்று சத்தம், கண்ணில் முதல் தடவையாக ஒரு கேள்வி. சரத்தோடு அவன் தலையைக் கீழே இழுத்துக் கல்படியின் விளிம்பில் மோதினாள். மூக்கு உடைகிற சத்தம் முற்றிய முட்டைக்கோஸ் தண்டு முறிகிற மாதிரி இருந்தது. தினமும் கேட்கிற சத்தம். அதனால் அவள் பயப்படவில்லை. இன்னொரு தடவை மோதினாள். மூன்றாவது தடவை சரம் அறுந்து மணிகள் சிதறின.

அவன் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தபோது டோல்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கின கால்கள். விலா குத்தியது, குத்தட்டும். ராணி உடுப்பில், முகம் முழுக்க ரத்தத்தோடு ஒரு பெண் ஓடிவந்தால் கூட்டம் என்ன செய்யும்? வழிவிட்டது. சிலர் ஃபோனைத் தூக்கினார்கள். சினிமா ஷூட்டிங் என்று ஒரு வெள்ளைக்காரன் கைதட்டினான். வாசலில் ஈட்டியும் ஒட்டுத்தாடியுமாக நின்ற காவல் வேஷக்காரர்களிடம் போய் மூச்சுவாங்க நின்றாள். சிலைபோல் நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். அசையவில்லை. ஒருவன் மட்டும், தாடி அசையாமல், போலீஸுக்கு ஃபோன் பண்ணட்டுமா அக்கா என்று கேட்டான். பண்ணு என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்துக்குள் நீல அங்கி வந்துகொண்டிருந்தது.

கடைக்குள் நாலைந்து பெண்கள் உடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோல்மாவைக் கண்டதும் ஒருத்தி அலறினாள். டோல்மா கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றி, என் கார்டைக் கொடுங்கள் சித்தி என்றாள்.

சித்தி முதலில் உடுப்பைப் பார்த்தாள். பட்டு கிழிந்திருந்தது, முன்பக்கம் ரத்தம். பிறகு டப்பாவைத் திறந்து கார்டை எடுத்தாள். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, கார்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கார்டை.

டோல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கண் மூடிவிட்டிருந்தது. உதடு பன்ரொட்டி மாதிரி. புருவத்திலிருந்து இறங்கிய ரத்தம் பாதி முகத்தை மூடியிருந்தது. கார்டில் இருந்த திமிர்பிடித்த பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் இந்த மூஞ்சியையும் அவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று நினைத்தாள். கையால் ரத்தத்தைத் துடைத்தாள். இன்னும் பரவியது.

"நான்தான் சித்தி. நல்லாப் பாருங்க, நான்தான்."

"தெரியுது" என்றாள் சித்தி. "மூஞ்சி மாறல. வீங்கியிருக்கு, அவ்ளோதான்."

கார்டு கைக்கு வந்தது. டோல்மா அதை மார்புப் பட்டைக்குள், தோலோடு தோலாகச் செருகிக்கொண்டாள்.

அதே நேரத்தில் கதவு அடித்துத் திறந்தது. புத்திமானுக்கு மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தொப்பி இல்லை. வந்ததும் இரண்டு வில்லைகளையும் கல்லாமேல் வீசி, கார்டு, கார்டு, ரெண்டு கார்டு என்று கத்தினான். சித்தி முடியாது என்றாள். என் பெண்டாட்டி, என் கார்டு என்றான். சித்தி மறுபடியும் அதே கடகட பேச்சில், காலையில் சொன்னதையே சொன்னாள். இந்தத் தடவை நே, நே வரவில்லை. கல்லாமேல் பாய்ந்து டப்பாவைப் பிடித்து இழுத்தான். குறுக்கே வந்த சித்தியை முழங்கையால் இடித்ததில் அவள் பின்னால் போய் ஆளுயரக் கண்ணாடியில் விழுந்தாள். கண்ணாடி சரிந்து உடைந்தது.

உயரத்தில் மாட்டிய உடுப்புகளை இறக்குவதற்கு அந்தக் கடையில் கொக்கி வைத்த ஒரு இரும்புக் கழி இருந்தது. டோல்மா அதை எடுத்தாள். டப்பாவைப் பிடித்திருந்த அவன் கைமேல் முதல் அடி. விரல்கள் விரிந்தன. டப்பா விழுந்து கார்டுகள் தரையெங்கும் சிதறின. அவன் திரும்பி, பழக்கதோஷத்தில், அவளை அறைவதற்குக் கையை ஓங்கினான். அந்தக் கையின் மேல் இரண்டாவது அடி. பிறகு முழங்காலில். பிறகு தோளில். அவன் உட்கார்ந்துவிட்ட பிறகும் அடித்தாள். விழுந்துகிடந்தவளை அவன் எத்தனை தடவை அடித்திருக்கிறான், அப்போது யார் வந்து போதும் என்றார்கள்? சித்தி எழுந்துவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக் கழியை வாங்கும்வரை நிறுத்தவில்லை.

வந்திருந்த பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

சித்தி கையில் கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தம். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து சிதறின கார்டுகளைப் பொறுக்கினாள். புத்திமானுடையதை மட்டும் தனியாக எடுத்து, தன் ஊசிப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவன் முன்னால் வந்து நின்றுகொண்டு பேசினாள். இரண்டு உடுப்பும் நாசம். தொப்பியைக் காணோம். கண்ணாடி போச்சு. என் கையும் போச்சு. எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்க்கும்வரை உன் கார்டு என்னிடம்தான் இருக்கும்.

புத்திமான் தரையில் உட்கார்ந்தபடி சித்தியின் வாயையே பார்த்தான். கார்டு என்கிற ஒரு வார்த்தைதான் பிடிபட்டிருக்க வேண்டும். பிறகு, இத்தனை நாள் வழக்கப்படி, டோல்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்றா அவ? சொல்லு."

டோல்மா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை நீங்கள் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.

"உனக்குப் புரியலயா? நே, நேன்னு சொல்லு. அதான் உனக்குத் தெரியுமே."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் வரவில்லை. தேவடியா, ஊருக்கு ஃபோன் போட்டு உன் அண்ணனிடம் சொல்கிறேன், உன்னைக் கொன்றுபோட்டுவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவேன் என்றெல்லாம் சொன்னான். ஃபோனை எங்கே என்று அங்கிக்குள் தேடினான். அது குச்சியோடு அரண்மனை முற்றத்தில் எங்கேயோ கிடந்தது. அவளுடைய ஃபோன் லாக்கரில் இருந்தது. சித்தி வில்லையை எடுத்து லாக்கரைத் திறந்து அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உடுப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். போலீஸ் வரட்டும், அதுவரை இதோடேயே இருக்கிறேன் என்றாள் டோல்மா.

உடுப்புப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, அலறினவளே, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டோல்மா அவளிடம் ஃபோனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் தயங்கினாள். எடு, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி எடு என்றாள். விலாப்பக்கம் உள்சட்டையைத் தூக்கி இன்னொன்று. இரண்டையும் அண்ணனுக்கு அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை. அண்ணன் உடனே கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. கூப்பிடட்டும். இப்போதுதானே அவருக்குத் தெரிகிறது, கொஞ்ச நேரம் அவரும் தவிக்கட்டும்.

போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு ஆண், ஒரு பெண். கடை இருந்த நிலையைப் பார்த்து யார் யாரை அடித்தது என்று அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு பேரும் அடித்திருக்கிறார்கள், இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார் அந்த ஆண் போலீஸ். டோல்மா வருகிறேன் என்றாள். நானும்தான் அடித்தேன், மறைக்க ஒன்றும் இல்லை, கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், அவனுக்கு வேண்டும் என்றாள்.

அவர் புத்திமானிடம் கார்டைக் கேட்டார். புத்திமான் நே, நே என்றான். மறுபடியும் கேட்டார். அவன் பர்ஸைத் திறந்து காட்டினான். கார்டு வைக்கிற இரண்டு அறையும் காலியாக இருந்தன. சித்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் கைக்காயத்துக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அதுவும் கணக்கைப் போலீஸ் எழுதிக்கொண்ட பிறகுதான் ஜிப்பைத் திறந்தாள்.

பெண் போலீஸ் டோல்மா பக்கம் திரும்பி, உங்களிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கு" என்றாள் டோல்மா. "எடுக்கறேன், கொஞ்சம் இருங்க. நாடாவ அவுக்கணும்."